காசு காதான கதை



சில வாரங்களாக எதுவும் எழுத இயலவில்லை. காரணம் சோம்பல் அன்று. வீட்டு உணவு மேசையில் இரண்டு பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் வயிறு திறந்து கிடந்தன. அவற்றை மூடும்வரை என் துணைவியார் எனக்கு வேறு வேலை பார்க்க அனுமதி வழங்கவில்லை!

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வதெழுதுதல் பயிற்சியை நான் கைப்பேசியில் பதிவு செய்து ஒலிக்கவிடுவது வழக்கம். நேரில் சொன்னால், என்னையறியாமல் சில மாணவர்களுக்குச் சற்று அழுத்திச் சொல்லிவிடுகிறேன்; பதிவு எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கும் என்பது என் எண்ணம். இதற்காகப் பத்து பாகாட்டில் ஒரு பழைய பொருள் கடையில், புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய அளவிலான ஒரு ஜோடி ஒலிபெருக்கிகளை 35 ரிங்கிட்டுக்கு வாங்கி, வகுப்பறையின் இரும்பு அலமாரிமேல் ஏற்றி வைத்திருந்தேன்.

கடைசி வரிசையில் இடப்பக்கம் அமரும் மாணவன் ஒருவன் ‘காசு’ என்பதைக் ‘காது’ என்று எழுதினான். ‘பசி’ பதியாயிற்று. ‘அரிசி’ அரிதியாயிற்று. மூன்று வாரம் பொறுத்தேன். நான்காம் வாரம் அவன் ஏட்டில் சிவப்பு மையால் ‘கவனம் இல்லை’ என்று எழுதி, அவனுடைய தாயாரையும் பள்ளிக்கு அழைத்தேன்.

அந்த அம்மையார் ஸ்ரீ காடிங் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் மின்னணுப் பொருள்களுக்கு ஈயம் பற்றவைத்தவர். நான் சொன்னதையெல்லாம் அமைதியாகக் கேட்டுவிட்டு, “வீட்டுல நான் சொன்னா சரியாத்தான் சார் எழுதுறான். நீங்க போடுறத ஒரு தடவை போடுங்க” என்றார். போட்டேன். மகனின் நாற்காலியில் போய் அமர்ந்தார். “எனக்கே காதுன்னுதான் சார் கேக்குது” என்றார். பிறகு அலமாரி அருகில் வந்து, பெட்டிகளில் மாறி மாறிக் காதை வைத்தார். இடப்பக்கப் பெட்டியில் மேலே உள்ள சிறிய ஒலிபெருக்கி பேசவே இல்லை. வலப்பக்கத்தில் உள்ளது முனகிக்கொண்டிருந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நிற்க. காசு ஏன் காதாக வேண்டும்? இரண்டு சொற்களிலும் ஆகாரமும் உகரமும் ஒன்றே. வேறுபாடு இடையிலுள்ள ஒரு மெய்யில்தான். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. ஆனால், நாம் இன்று ‘காசு’ என்று ஒலிக்கும்போது எழும் அந்தச் சீறலின் வலு 4000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் மிகுதி. மேல்பகுதியை வெட்டிவிட்டால் சீறல் மறைந்து, மெல்லிய தகரம் போன்ற ஒன்று எஞ்சுகிறது. பழைய தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதனால்தான் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லியும் எதிர்முனையில் இருப்பவர் தவறாக எழுதிக்கொண்டார். தொல்காப்பியத்தின் பிறப்பியல், நா எங்கே பொருந்தினால் எந்த எழுத்துப் பிறக்கும் என்று கூறுகிறது. பயிற்சிக் காலத்தில் அதைக் கற்றோம், கற்பிக்கவும் செய்கிறோம். அவ்வாறு பிறந்த எழுத்து மாணவனின் செவியைச் சென்று சேர்ந்ததா என்பதை நான் ஒருநாளும் சோதித்ததில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். எனக்கு மின்னணுவியல் தெரியாது. அந்த அம்மையார் ஒரு சனிக்கிழமை கணவருடன் வீட்டிற்கு வந்து, ஈயம் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்தார். முதலில் மல்டிமீட்டரால் சிறிய ஒலிபெருக்கியை, அதாவது டுவீட்டரை, அளந்தோம். 8 ஓம் என்று குறிக்கப்பட்டிருந்தது. மீட்டர் 6 ஓம் அளவில் காட்டியது. நேர்மின்னோட்டத்தில் அளந்தால் சற்றுக் குறைவாகத்தான் காட்டுமாம். ஆக, உயிர் இருக்கிறது. குற்றவாளி அதற்கு முன்னால் இருந்த கெப்பாசிட்டர்.

மலிவான பெட்டிகளில் குரலைப் பிரித்தனுப்பும் பொறுப்பு பெரும்பாலும் இந்த ஒரே உறுப்பினுடையது. தாழ்ந்த ஒலியைத் தடுத்து, உயர்ந்த ஒலியை மட்டும் டுவீட்டருக்கு விடும் வாயிற்காவலன் அது. எங்கள் பெட்டியில் இருந்தது 3.3 மைக்ரோபாரட், 8 ஓம் டுவீட்டருடன் சேர்ந்தால் ஏறத்தாழ 6000 ஹெர்ட்ஸில் வாயில் திறக்கும். உள்ளே ஈரப்பசையுள்ள எலெக்ட்ரோலிட்டிக் வகை என்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்ந்து திறன் குன்றிவிடும். அதே அளவில், 100 வோல்ட் தாங்கும் பிலிம் வகை இரண்டை வாங்கி மாற்றினோம். விலை சில ரிங்கிட்டுகளே. “பெரிய அளவு போட்டால் இன்னும் நன்றாகப் பாடாதா?” என்று கேட்டேன். அளவு கூடினால் தாழ்ந்த ஒலியும் உள்ளே புகுந்து டுவீட்டர் கருகிவிடும் என்று எச்சரித்தார். என்னைப் போன்ற தொடக்கநிலையினர் இருந்த அளவையே போடுவது நலம்.

பெரிய ஒலிபெருக்கியின் நிலை இன்னும் மோசம். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் தொட்டவுடன் அவல்போல் உதிர்ந்தது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் அந்த நுரைக்கு ஆகாது. அதே விட்டத்தில் ரப்பர் வளையம் இணையத்தில் கிடைக்கிறது. பழைய பசையைச் சுரண்டி எடுப்பதற்கே எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. ஒட்டும்போது கூம்பு நடுவில் நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசும். விரல்நுனிகளால் கூம்பை மெல்ல, சமமாக அழுத்தி, உரசும் ஓசை வருகிறதா என்று கேட்டுக் கேட்டு ஒட்டினேன். பிறகு ஓர் இரவு தொடவே கூடாது. நான் தொட்டேன். எனவே, ஒரு பெட்டிக்கு இரண்டாம் முறை ஒட்ட நேர்ந்தது.

பெட்டி வெறும் மரத்தூள் பலகை. முட்டியால் தட்டினால் காலி பிஸ்கட் டின் போல ஒலித்தது. இரு பக்கப் பலகைகளுக்கிடையே ஒரு மரத்துண்டை இறுக்கி ஒட்டி, பழைய தலையணையின் செயற்கைப் பஞ்சைத் தளர்வாக வைத்தேன். பின்புறத் துளையை மட்டும் அடைக்கவில்லை.

எல்லாம் முடித்து இணைத்துக் கேட்டபோது மின்னல் எஃப்எம் அறிவிப்பாளர் குகைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. ஒரு பெட்டியில் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்திருந்தேன். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, 1.5 வோல்ட் மின்கலத்தைக் கணநேரம் பெரிய ஒலிபெருக்கியின் முனைகளில் தொட்டுப் பார்ப்பது. நேர்முனை சரியாக இருந்தால் கூம்பு முன்னே வரும்.

செலவு 60 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதியதே கிடைக்குமே என்பது வீட்டார் கேள்வி. நியாயமான கேள்விதான். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்கென எல்எஸ்3/5ஏ என்னும் சிறிய பெட்டியை உருவாக்கியது. அதன் பொறியாளர்கள் ஒலிபெருக்கிகளை மதிப்பிட மனிதப் பேச்சையே முக்கியச் சோதனையாகக் கொண்டனர். கடைகளிலோ நமக்கு அதிரும் பாட்டைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். வகுப்பறைக்குப் பெட்டி வாங்கும் ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஆகியோருக்கு ஒரு வேண்டுகோள்: காசு, காது, பசி, பதி என்று நான்கு சொற்களைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு போய், கடைசி வரிசையின் தூரத்தில் நின்று கேளுங்கள். பெட்டியை அலமாரி உச்சியில் ஏற்றாமல் மாணவரின் காது மட்டத்தில் வையுங்கள். உயர்ந்த ஒலி பக்கவாட்டில் அதிகம் பரவுவதில்லை. முடிந்தால் அந்தச் சில நிமிடங்கள் மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

திங்கட்கிழமை அதே பதிவை மீண்டும் ஒலிக்கவிட்டேன். அவன் காசு, பசி, அரிசி மூன்றையும் சரியாக எழுதினான். வாழையை மட்டும் ‘வாளை’ என்று எழுதியிருந்தான். அது அவனுடைய சொந்தப் பிழை. அதில் எனக்கு ஐயமில்லை.

அவன் ஏட்டின் பழைய பக்கத்தைத் திருப்பி, ‘கவனம் இல்லை’ என்பதை அவன் எதிரிலேயே கோடிட்டு அடித்தேன். அவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஐயா, திருத்தம் எழுதலையா?” என்று கேட்டான். எங்கள் வகுப்பில் பிழையான சொல்லுக்கு மூன்று முறை திருத்தம் எழுத வேண்டும் என்பது விதி. என்ன எழுதுவது என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. இறுதியில், ‘சரியாகக் கேட்டான்’ என்று மூன்று முறை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.