துணி துவைத்த ஓடைக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூரின் தோபி காட் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், நாலு பக்கமும் தமிழ் காதில் விழும். சிவப்புப் பாதையில் வந்து இறங்கி, ஊதாப் பாதைக்கு மாறி, இந்தியர்களின் வட்டாரமான தேக்காவுக்குப் போகிற கூட்டம் அது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், வாழை இலையில் ஒரு வேளை சாப்பிட வேண்டும், வேறு தங்குவிடுதியில் இருக்கும் கூட்டாளியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தேக்காதான். தலைக்கு மேலே அறிவிப்புப் பலகையில் ஆங்கிலம், சீனம், அடுத்துத் தமிழ்: ‘தோபி காட்’. அந்தப் பெயரை நின்று படிக்கிறவர்கள் குறைவு. படித்தால், இந்த இடத்தின் இருநூறு வருடக் கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

தோபி காட் என்பது இந்திப் பெயர். நம் ஊரில் வண்ணாந்துறை என்கிறோமே, அதேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பிராஸ் பாசா ஓடை ஓடியது. மலாயில் அந்தப் பெயருக்கு ‘நனைந்த அரிசி’ என்று பொருள். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அந்த ஓடைத் தண்ணீரில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். வெள்ளைக்காரர்களின் வீட்டு விரிப்புகளும் சட்டைகளும் வரிசை வரிசையாக வெயிலில் கிடந்த இடம். தமிழர்கள் இந்தப் பக்கத்தை ‘வண்ணான் தெரு’ என்று சொல்லி வந்ததைப் பழைய தெருப்பெயர்க் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சீனர்களுக்கு இந்த நிலையம் ‘துவோ மெய் கெ’. ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகள்தான், ஆனால் தனித்தனியாகப் படித்தால் பல, அழகு, பாட்டு என்று வரும். தமிழில் மட்டும் நமக்கென்று பொருளுள்ள ஒரு பெயர் இருந்தும், இந்திச் சொல்லின் ஒலியை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ‘சலவைத்துறை’ என்று ஒரு சொல் அந்தப் பலகையில் இருந்திருந்தால், உழைத்தவர்களின் நினைவு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருந்திருக்கும்.

ஓடை பிறகு கால்வாயாயிற்று. ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் என்று பெயர் மாறி, கான்கிரீட் கரை கட்டி, மேலே மூடியும் போட்டாயிற்று. சலவைக்காரர்கள் போய்விட்டார்கள். ஊர் வேறு முகம் எடுத்தது. யூத வணிகரான ஜோசஃப் ஆரோன் எலியாஸ் 1920களில் ஆம்பர் மேன்ஷன்ஸ் என்ற பெரிய குடியிருப்பைக் கட்டினார். கீழே கடைகள், மேலே வீடுகள். அந்தக் காலத்து சிங்கப்பூருக்கு அடுக்குமாடி வாழ்க்கை என்பதே புதுசு. ஆர்ச்சர்டு சாலையின் இதே முனையில் யூதர்களின் பழைய இடுகாடும் இருந்தது. 1980களில் பெருவிரைவு ரயிலுக்கு நிலம் வேண்டியிருந்தபோது இரண்டும் போயின. 1984-இல் ஆம்பர் மேன்ஷன்ஸ் இடிக்கப்பட்டது. இடுகாட்டில் இருந்த எலும்புகளைத் தோண்டியெடுத்து சுவா சூ காங்கில் உள்ள இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே சமூகம் கட்டிய வீடும் அதன் முன்னோர் படுத்திருந்த மண்ணும் ஒரே நிலையத்துக்காக இடம் கொடுத்தன. நிலையத்துக்குள் இதைச் சொல்லும் பெரிய நினைவுச்சின்னம் எதையும் நான் பார்த்ததில்லை.

நிலையத்தைவிட்டு வெளியே வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு தெரியும். 1939 அக்டோபரில் திறக்கப்பட்ட திரையரங்கு, அந்தக் காலத்திலேயே குளிர்சாதன வசதியோடு வந்தது. பின்னால் எழும்பிய கட்டடம் அன்றைய ஊரின் உச்சி. தமிழர்களுக்கு அதற்கு வேறொரு கணக்கும் உண்டு. 1943 அக்டோபர் 21 அன்று, சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது அந்த அரங்கில்தான். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ தமிழ் ஆண்களும் பெண்களும் போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார்கள். பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்த அவர்களை நினைக்காமல் அந்த முகப்பைக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை. அதே ஆர்ச்சர்டு சாலையில், கொஞ்ச தூரத்தில் உள்ள மெக்டொனால்டு ஹவுஸில் 1965 மார்ச் 10 அன்று, இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நாட்களில், குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள்.

இனி நிலையத்துக்குள் வருவோம். முதலில் வந்தது சிவப்பு நிற வடக்கு-தெற்குப் பாதை. சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது 1987 நவம்பர் 7. அடுத்த மாதம், டிசம்பர் 12 அன்று, தோபி காட் திறந்தது. அப்போது இது ஒரே பாதையின் சாதாரண நிலத்தடி நிலையம். 2003 ஜூன் 20 அன்று ஊதா நிற வடகிழக்குப் பாதை வந்தது. 2010 ஏப்ரல் 17 அன்று ஆரஞ்சு நிற வட்டப் பாதை வந்து சேர்ந்தது. மூன்று பாதைகள் கூடிய முதல் நிலையம் சிங்கப்பூருக்கு இதுதான். மூன்றையும் சேர்த்தால் பூமிக்குள் ஐந்து அடுக்கு, 28 மீட்டர் அளவுக்கு ஆழம். வட்டப் பாதையின் நிலைய எண்களும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சிசி1 என்றால் தோபி காட்.

ஏற்கெனவே ரயில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தை ஒட்டி இன்னொன்றைத் தோண்டுவது, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் கிணறு வெட்டுவது மாதிரி. வடகிழக்குப் பாதை கட்டும்போது ஆர்ச்சர்டு சாலையை விலக்கினார்கள், ஸ்டாம்ஃபோர்டு கால்வாயையும் திருப்பிவிட்டார்கள். அதாவது சலவைக்காரர்களின் ஓடை இன்னொரு தடவை இடம் மாறியது. மேலே வாகனங்கள் ஓடவேண்டும், கீழே ரயில் நிற்கக்கூடாது, மழை வந்தால் தண்ணீரும் போகவேண்டும். இந்த மூன்றையும் கட்டிக்காத்துக்கொண்டே குழி இறங்கியது. சிங்கப்பூர் பெருவிரைவு ரயிலின் நிலத்தடி நிலையங்களில் வாசலில் முதலில் சில படிகள் ஏறித்தான் பிறகு இறங்கவேண்டும். புதிதாக வருகிறவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றும். வெள்ளம் உள்ளே வராமலிருக்க வைத்த ஏற்பாடு அது. ஓடை ஓடிய பள்ளத்தில் நிற்கும் ஒரு நிலையத்தில் அந்த நாலு படிக்கு அர்த்தம் கூடுதல்.

மூன்று பாதையும் பார்வைக்கு ஒன்று மாதிரி இருந்தாலும் மூன்று காலத்தவை. சிவப்புப் பாதையில் ஆறு பெட்டி, பக்கத்துத் தண்டவாளம் வழியாக மின்சாரம், முன்னால் ஓட்டுநர். ஊதாப் பாதையில் ஓட்டுநரே இல்லை. முழுக்க நிலத்தடியில், ஆளில்லாமல் ஓடும் பெரிய மெட்ரோ ரயிலை உலகில் முதன்முதலாகக் கொண்டுவந்த பாதை அது. அதன் மின்சாரம் மேலே இருக்கும் கம்பியிலிருந்து வருகிறது. ஆரஞ்சுப் பாதையிலும் ஓட்டுநர் கிடையாது, பெட்டிகள் மூன்றுதான். முன் பெட்டியில் ஏறினால் கண்ணாடி வழியாகச் சுரங்கம் நேரே எதிரே வந்து விரிவதைப் பார்க்கலாம். குழந்தைகளை யாரும் அங்கிருந்து நகர்த்த முடியாது.

தளமேடையின் ஓரத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கதவு. 1987-லேயே நிலத்தடி நிலையங்களில் இதை வைத்தார்கள். யாரும் தண்டவாளத்தில் விழாமலிருக்க மட்டுமல்ல, குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் வீணாகாமலிருக்கவும்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊரில் அந்தக் கணக்கு சின்னதல்ல.

மாறிப்போகும் வழி நீளம். நகரும் நடைபாதை இருக்கிறது, மின்படிக்கட்டுகள் இருக்கின்றன. நிற்பவர் இடப்பக்கம், நடப்பவர் வலப்பக்கம். அவசரத்தில் வந்தவர்களுக்கு இந்த நடை அலுப்புதான். என்னைக் கேட்டால், இந்த நீளம் வேண்டியதே. மூன்று ரயிலின் கூட்டமும் ஒரே படிக்கட்டில் மோதாமல் பிரிந்து நடக்க அது இடம் தருகிறது. தரையைக் குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன உருவங்கள் பதித்திருக்கும். ஆள், மீன், பறவை என்று குகை ஓவியம் மாதிரி. சிற்பி சுன் யூ-லியின் வேலை. எந்த மொழிக்காரரும் படிக்க முடிகிற எழுத்து அது. நாலு மொழி பேசும் ஊரின் நடுச்சந்திக்கு இதைவிடப் பொருத்தமான தரை கிடையாது.

வண்ணாரின் பெயரைச் சுமக்கும் மெட்ரோ நிலையம் சென்னையிலும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் திறந்த வண்ணாரப்பேட்டை. அங்கே பேட்டை இன்னும் பேட்டையாகவே மேலே இருக்கிறது. இங்கே ஓடையும் இல்லை, துறையும் இல்லை, பெயர் மட்டும் மூன்று நிறக் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊதாப் பாதையின் தளமேடையில் ரயில் வந்து நிற்கிறது. என் பக்கத்தில், வேலைக் காலணியோடு ஒரு தம்பி. முதன்முறை வந்திருக்கிறார் போல. கதவுக்கு மேலே இருக்கும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, தேக்கா எத்தனாவது ஸ்டாப்?” என்று கேட்டார். வரைபடத்தில் தேக்கா என்று எங்கும் இல்லை. ‘லிட்டில் இந்தியா’ என்றுதான் போட்டிருக்கும். ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலடி என்று பொருள்படும் அந்தச் சொல்லை, பலகையில் இல்லாவிட்டாலும், நம் ஆட்கள் விடவில்லை.

“அடுத்ததுதான் தம்பி, ஏறுங்க” என்றேன்.