மலருக்குள் மறைந்த மணிமுடி

அண்மையில் நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓர் ஓவியம் நம் கண்ணைக் கவர்ந்தது. ஊதாநிற வயலட் மலர்க்கொத்து, அவ்வளவே! "உற்றுப் பாருங்கள்" என்றார் உடனிருந்த நண்பர். பார்த்தோம். இலைக்கும் இதழுக்கும் இடைப்பட்ட வெளியிலே மூன்று முகங்கள்! நெப்போலியன், அவன் துணைவி மரி லூயிஸ், அவர்தம் சிறு மகன். கண்டுபிடித்த களிப்பில் கைகொட்டிச் சிரித்தோம். பிறகுதான் சிந்தனை பிறந்தது.

1815ஆம் ஆண்டில் கானு என்னும் பிரெஞ்சுக் கலைஞர் செதுக்கி வெளியிட்ட படம் அது. 'மார்ச் 20, 1815 வயலட் மலர்கள்' என்பது அதன் பெயர். எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்ட நெப்போலியன், பாரிஸ் அரண்மனைக்குள் மீண்டும் புகுந்த நாள் அது. வயலட் பூக்கும் பருவத்தில் அவன் திரும்புவான் என்று நம்பிய ஆதரவாளர்கள், அவனுக்கு அம்மலரின் பெயரையே சூட்டி அழைத்தனர். மலர் மறைமொழியாயிற்று; அணிந்தவர் யார் பக்கம் என்பதைச் சொல்லாமற் சொல்லிற்று.

எதிரணியினர் மட்டும் இளைத்தவர்களா? 1793இல் பதினாறாம் லூயி மன்னனும், அரசி மரி அந்துவானெத்தும் கொலைக்களத்தில் மாண்டனர். அவர்தம் பற்றாளர்கள், நினைவுத் தாழியொன்றை மரநிழலில் வரைந்து, அத்தாழியின் ஓரக்கோட்டிலே அவ்விருவர் முகத்தையும் ஒளித்து வைத்தனர்.

அடக்குமுறைக்கு அஞ்சி அன்பை ஒளித்தவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. அதிகாரத்தின் கண்ணில் மண்ணைத் தூவும் ஆற்றல் கலைக்கு உண்டு, அதுவும் நன்றே! ஆனால், ஒளித்து வைக்கப்பட்டது எது? உழுதவன் முகமா? உழைத்தவன் முகமா? மீண்டும் மீண்டும் முடிதரித்தவன் முகமே! 1792இல் முடியாட்சியை ஒழித்த நாடு, 1804இல் பேரரசன் ஒருவனுக்கு முடிசூட்டு விழாக் கண்டது. மன்னன் தலை வீழ்ந்தது. மன்னன் வேண்டும் என்னும் மனம் வீழவில்லை.

பிரெஞ்சு மக்களைக் குறைகூறிவிட்டு நாம் தப்பிவிட இயலுமா? முகங்களைக் கண்டபின், முன்போல் மலரை மட்டும் காண முயன்றோம். முடியவில்லை! மலர் மறைந்தது, மன்னனே நின்றான். பழகிய கண்ணுக்குப் பூவிலும் ஓர் ஆண்டை தென்படுகிறான்.

நம் இல்லச் சுவரிலும் தலைவர் படமொன்று உண்டு. நாள்தோறும் பூச்சூட்டுகிறோம். "இவர் சொன்னது சரிதானா?" என்று ஒருநாளேனும் கேட்டிருக்கிறோமா? இன்று காலை, பூவைக் கையிலேந்தியபடி அப்படத்தின்முன் நெடுநேரம் நின்றோம், தோழர்களே!