கேட்டால் மட்டும் தரும் காற்று

ஒரு டைவிங் ரெகுலேட்டரின் விலை மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு. வாயில் வைத்து இழுத்துப் பார்த்தால் இரண்டிலும் காற்று வருகிறது. பிறகு எதற்குக் கூடுதல் பணம்? டைவிங் பழகியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கட்சி. பிஸ்டன்தான் உழைக்கும் என்பார் ஒருவர். டயாஃபிரம் இல்லாமல் கடலில் இறங்காதே என்பார் அடுத்தவர். ஏன் என்று கேட்டால் ஒரு பிராண்டின் பெயர்தான் பதிலாக வரும். தண்ணீருக்கு அடியில் என் மூச்சு முழுக்க நம்பியிருக்கப் போகிற கருவி அது. உள்ளே என்ன நடக்கிறது, அதை ஏன் அப்படிச் செய்து வைத்தார்கள் என்று தெரியாமல் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

புதுச்சேரியில் ரெகுலேட்டர்களுக்கு சர்வீஸ் செய்கிற ஓர் அண்ணனிடம் போனேன். வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜைத் திறந்து காட்டினார். மூடிக்குப் பின்னால் சிலிகோனில் செய்த ஒரு வட்டச் சவ்வு. அதைத் தொட்டபடி ஒரு சிறு நெம்புகோல். நெம்புகோலின் மறுமுனையில் வால்வு. அவ்வளவுதான். நாம் மூச்சை இழுத்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே நிற்கும் தண்ணீர் சவ்வை உள்ளே அமுக்குகிறது, நெம்புகோல் சாய்ந்து வால்வு திறக்கிறது. இழுப்பதை விட்டால் மூடிக்கொள்கிறது.

“இது காத்தத் தள்ளாது தம்பி. நீங்க இழுத்தாத்தான் குடுக்கும். எந்த ஆழத்துல இருக்கீங்களோ அதுக்குத் தக்கன குடுக்கும்,” என்றார்.

“இத மொதல்ல யாருண்ணே யோசிச்சது?”

“கூஸ்தோன்னு சொல்லுவாங்க. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

எனக்கும் அதுவரை அவ்வளவுதான் தெரியும். 1953-இல் வெளிவந்த கூஸ்தோவின் ‘தி சைலண்ட் வேர்ல்டு’ நூலை எடுத்துப் படித்தேன். அவரே வேறொருவரைக் கைகாட்டுகிறார். 1942 டிசம்பர், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பாரிஸ். கடற்படை அதிகாரியான ழாக்-இவ் கூஸ்தோ, ஏர் லிக்கீட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கான்யானைச் சந்திக்கிறார். மூச்சை இழுக்கும்போது தானே காற்றைத் தருகிற ஒரு வால்வு வேண்டும் என்று விளக்குகிறார். கான்யான் பேக்கலைட்டால் ஆன ஒரு சிறு பொருளை எடுத்து நீட்டுகிறார். அது கடலுக்காகச் செய்தது அன்று. பெட்ரோல் கிடைக்காத போர்க்காலத்தில் கார்களைச் சமையல் வாயுவில் ஓட்டினார்கள். எஞ்சின் கேட்கிற அளவுக்கு வாயுவைத் தானாக விட அந்த வால்வு. எஞ்சின் இருந்த இடத்தில் மனிதனின் நுரையீரலை வைத்துப் பார்த்தார்கள்.

இங்கே நின்றிருக்கலாம். ஆனால் கேட்டால் தருவது, கேட்காவிட்டால் நிறுத்துவது என்ற அந்த யோசனை போர்க்காலக் காரில்தான் பிறந்ததா என்ற சந்தேகம் என்னை விடவில்லை. ஒரு பழைய நாவல் வழி காட்டியது. ஜூல் வெர்னின் ‘கடலுக்கு அடியில் இருபதாயிரம் லீக்குகள்’ 1869-இல் தொடராக வரத் தொடங்கியது. அதில் கேப்டன் நீமோ தன் ஆட்களின் மூச்சுக் கருவியை விளக்கும்போது ரூக்கேரோல், தெனேரூஸ் என்று இரண்டு பெயர்களைச் சொல்கிறார். கற்பனைப் பெயர்கள் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். இருவருமே நிஜமான மனிதர்கள்.

பெனுவா ரூக்கேரோல் ஒரு சுரங்கப் பொறியாளர். தெற்கு பிரான்ஸில் லோத் ஆற்றங்கரையில் இருக்கும் எஸ்பாலியோன் அவர் ஊர். கடல் எட்டாத உள்நாடு. சுரங்கத்தில் நச்சுவாயு பரவினால் ஆட்களை மீட்க இறங்குகிறவருக்கு மூச்சுக்காற்று வேண்டும். அதற்காக அவர் சவ்வும் வால்வும் கொண்ட ஒரு சீராக்கியை அமைத்து 1860-இல் காப்புரிமை பெற்றார். அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோகலாம் என்று கண்டவர் ஓகுஸ்த் தெனேரூஸ் என்ற கடற்படை லெப்டினன்ட்; அது 1864. முதுகில் ஓர் உலோகக் காற்றுக் கலம், மேலே படகிலிருந்து அதற்குக் குழாய் வழியாகக் காற்று. தேவைப்பட்டால் குழாயைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தனியாக நடக்கலாம். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். எஸ்பாலியோனில் இன்று முக்குளிப்புக் கருவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அண்ணன் எனக்குத் திறந்து காட்டிய சவ்வின் வேலையை 1860-இலேயே ஒரு சவ்வு செய்துகொண்டிருந்தது. அப்படியானால் இடையில் எண்பது ஆண்டுகள் ஏன் போயின? தடுத்தது கலம்தான் என்று எனக்குப் படுகிறது. அன்றைய கலங்கள் முப்பது நாற்பது பார் அழுத்தம் தாங்கினாலே பெரிது. அதில் அடைபட்ட காற்று சில நிமிடங்களுக்குத்தான் வரும். இன்றைக்கு நாம் முதுகில் சுமக்கும் 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாரில் 2,400 லிட்டர் காற்று இருக்கிறது. கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவருக்கு அது இரண்டு மணி நேரம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்காவதால் அதே காற்று அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முப்பது பார் கலத்தோடு அங்கே போவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

1933-இல் இவ் லு பிரியூர் என்ற மற்றொரு பிரெஞ்சு அதிகாரி 150 பார் சிலிண்டரோடு இறங்கினார். அவரிடம் கலம் இருந்தது, சவ்வு இல்லை. கையால் திருகித் திறந்த காற்று மூச்சு விடும்போதும் ஓடிக்கொண்டே இருந்து வீணாயிற்று. ஒருவரிடம் சவ்வு, ஒருவரிடம் கலம். இரண்டும் ஒரே முதுகில் ஏறியது கூஸ்தோ, கான்யான் காலத்தில்தான்.

அதுவும் முதல் முயற்சியிலேயே சரியாக வரவில்லை. 1943 தொடக்கத்தில், கடுங்குளிரில், பாரிஸுக்கு அருகே மார்ன் ஆற்றில் கூஸ்தோ இறங்குகிறார். படுத்த நிலையில் நீந்தினால் மூச்சு சுகமாக வருகிறது. நிமிர்ந்து நின்றால் காற்று கேட்காமலே பீறிட்டு ஓடுகிறது. தலைகீழாகத் திரும்பினால் இழுக்கவே முடியவில்லை. இந்தப் பக்கத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மூச்சு வெளியேறும் துளைக்கும் காற்று உள்ளே வரும் சவ்வுக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைந்த தூரம். நிமிரும்போது துளை மேலே, சவ்வு கீழே, கவிழும்போது நேர்மாறு. 15 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் கணக்கில் மிகச் சிறியது, ஆனால் நெஞ்சுக்கு அது பாரம். நல்ல ரெகுலேட்டர் ஒன்று இன்று இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுப்பிலேயே திறந்துவிடுகிறது. இருவரும் துளையைக் கொண்டுபோய்ச் சவ்வுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். சிக்கல் தீர்ந்தது. அந்த ஜூன் மாதம் பாந்தோல் அருகே மத்தியதரைக் கடலில் கூஸ்தோ இறங்கியபோது கருவி எல்லாத் திசையிலும் ஒழுங்காக மூச்சுக் கொடுத்தது.

பழைய புகைப்படங்களில் முக்குளிப்பவரின் இரண்டு தோள் மேலும் தடித்த ரப்பர்க் குழாய்கள் ஏன் வருகின்றன என்பதற்கும் இங்கேதான் விடை கிடைத்தது. ஒன்று காற்றை வாய்க்குக் கொண்டுவருகிறது. மற்றது விட்ட மூச்சை முதுகிலிருக்கும் பெட்டிக்கு, சவ்வின் அருகே, திருப்பிக் கொண்டுபோகிறது. அந்த இரண்டாவது குழாய் மார்ன் ஆறு கற்பித்தது.

அதை ஒழித்தவர் மெல்போர்னின் டெட் எல்ட்ரெட். இரட்டைக் குழாய் அமைப்புக்குக் காப்புரிமை இருந்ததால் அவர் வேறு வழி தேட வேண்டியிருந்தது. கருவியை இரண்டாகப் பிரித்தார். அழுத்தத்தை முதலில் குறைக்கும் பகுதி சிலிண்டர் மேலேயே நின்றது. சவ்வும் மூச்சுத் துளையும் சேர்ந்து வாய்க்கு வந்தன. நடுவே ஒல்லியாக ஒரே குழாய். 1950-களின் தொடக்கத்தில் ‘போர்பாய்ஸ்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று எந்தக் கடையில் எந்த பிராண்டை எடுத்தாலும் அநேகமாக இதே அமைப்புதான். கூஸ்தோவின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு எல்ட்ரெட்டைத் தெரியும்? டைவிங் வகுப்பின் முதல் நாளிலேயே அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். மார்ன் ஆற்றின் பாடமும் அந்த வகுப்பில்தான் தினமும் நடக்கிறது. ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து, வாய்ப்பகுதி மேலே பார்க்கும்படி தண்ணீரில் பிடித்தால் காற்று பீறிடும், கவிழ்த்தால் நின்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கடைக்குப் போனபோது கேள்விகள் மாறியிருந்தன. சிலிண்டரின் 200 பாரை, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகமாக இருக்கும்படி குறைப்பது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். மலிவான ‘அன்பேலன்ஸ்டு’ வகையில் சிலிண்டரின் அழுத்தமே வால்வு மேல் ஒரு விசையாக வேலை செய்கிறது. சிலிண்டர் காலியாகக் காலியாக அந்த விசை மாறும், மூச்சின் இழுப்பும் சற்று மாறும். ‘பேலன்ஸ்டு’ வகையில் அந்த விசை சமன் செய்யப்பட்டிருக்கும். 200 பாரிலும் 50 பாரிலும் ஒரே மாதிரி மூச்சு. கூடுதல் விலையில் பெரும்பகுதி இதற்கு. ஆழம் குறைந்த இடத்தில் மெதுவாக நீந்துகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். ஆழத்தில், நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு வாங்கும்போது தெரியும். ஐரோப்பாவின் ஈஎன் 250 தரச் சோதனையும் 50 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் என்ற பலத்த மூச்சில்தான் நடத்தப்படுகிறது.

இந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் பிஸ்டனா டயாஃபிரமா என்ற சண்டை எனக்கு அத்தனை பெரிதாகத் தெரியவில்லை. பிஸ்டனில் அசையும் பாகங்கள் குறைவு, காற்றும் தாராளமாக வரும். ஆனால் சாதாரண பிஸ்டன் வகையில் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் வந்து போகும். உப்பும் மணலும் கூடவே வரும். டயாஃபிரம் என்பதும் ஒரு சவ்வுதான்; அந்த வகையில் தண்ணீர் சவ்வுக்கு வெளியிலேயே நின்றுவிடும். ரூக்கேரோலின் அதே யோசனை இங்கே இரண்டாவது முறை. கலங்கிய நீரில் அடிக்கடி இறங்குகிற எனக்கு இதுவே போதுமான காரணம். உறைகுளிருக்கான கூடுதல் உறைக்குப் பணம் கொடுக்கவில்லை, நம் கடலுக்கு அது வேண்டாம்.

பேலன்ஸ்டு டயாஃபிரம் ஒன்றைத் தேர்ந்தேன். பணம் கட்டுவதற்கு முன்னால் அண்ணனுக்கு ஃபோன் செய்து மாடலைச் சொன்னேன். அவர் பிஸ்டனா டயாஃபிரமா என்று கேட்கவே இல்லை. அந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இந்தியாவில் கிடைக்கிறதா, கையிருப்பு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கச் சொன்னார். வாங்கினேன்.