ஐயமும் சான்றும்

நீதிமன்றத்தின் வாயிலை ஒருநாளும் மிதியாதவரும், அதன் நடைமுறையை நன்கறிந்தவர் போலப் பேசுவர். அவ்வறிவை அவர்களுக்கு அளித்தது பெரும்பாலும் திரைப்படமே. ஆதலின், திரையில் வரும் வழக்குகளையும் வழக்கறிஞர்களையும் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் பெரிதும் எடுத்தாளும் படங்களுள் ஒன்று, சிட்னி லூமெட் இயக்கி, 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘டுவெல்வ் ஆங்ரி மென்’ என்னும் அமெரிக்கப் படமாகும். ‘சினங்கொண்ட பன்னிருவர்’ என்பது அப்பெயரின் பொருள்.

தந்தையைக் கொன்றதாக இளைஞன் ஒருவன் குற்றஞ்சாட்டப்படுகிறான். அவன் குற்றவாளியா அல்லனா என முடிவு செய்வோர், ஜூரி எனப்படும் பொதுமக்கள் பன்னிருவர். அவர்கள் அனைவரும் ஒருமனப்படல் வேண்டும். முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் ‘குற்றவாளி’ என்கின்றனர். ஒருவர் மட்டும் ஐயுறுகிறார். கொலைக்கருவியைப் போன்ற கத்தி வேறெங்கும் கிடைத்தற்கரியது என்று பிறர் சாதிக்கின்றனர். அவரோ, அதே வடிவுடைய கத்தியொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமீது குத்தி நிறுத்துகிறார்! அவ்விளைஞன் வாழ்ந்த பகுதியிலேயே அவர் அதனை விலைக்கு வாங்கியிருந்தார். காண்போர் உள்ளம் சிலிர்க்கிறது.

கல்லூரி மாணவியாக இருந்தபோது இப்படத்தைக் கண்டு, சட்டத்துறையில் வேட்கை கொண்டவர் சோனியா சோட்டோமேயர். அவர் 2009ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியானார். ஆயினும், கீழமை நீதிமன்றத்தில் பணியாற்றிய காலத்தில், அப்படத்து ஜூரிகளைப் பின்பற்றலாகாது என்று தம் ஜூரிகளுக்கு அறிவுறுத்தியதுண்டு என அவர் 2010இல் கூறினார். படத்தில் வருவோர் கொண்ட முடிவுகளிற் பல வெறும் ஊகங்களே என்பது அவர் கருத்து.

அக்கத்தியும் சட்டத்திற்கு ஒவ்வாததே. மன்றத்தில் வைக்கப்பட்ட சான்றுகளை மட்டுமே ஜூரி சீர்தூக்குதல் வேண்டும். தாமே தேடிக் கொணரும் பொருளைப் பற்றி இருதரப்பாரும் வினவி, உண்மை காண வழியில்லை. இன்று ஒருவனைக் காக்கும் அச்செயல், நாளை குற்றமற்ற மற்றொருவனைத் தூக்குமேடைக்கும் அனுப்பலாம் அன்றோ?

அக்கத்தியைத் தேடியிருக்க வேண்டியவர், இளைஞனுக்காக வாதாடிய வழக்கறிஞர். அவர் சாட்சிகளை நன்கு குறுக்குவிசாரணை செய்யவில்லை என்று படத்திலேயே பேசப்படுகிறது. அவர் தம் கடமையில் தளர்ந்தார். அதனால் ஜூரி ஒருவர் தம் எல்லையைக் கடந்தார்.

பதினொருவர் நடுவே தனித்து நின்று ஐயுறும் துணிவை அப்படம் கற்பிக்கிறது. அவ்வையத்தைத் தீர்க்கும் நெறியைச் சட்டம் கற்பிக்கிறது. ஓர் உயிர் தீர்ப்பை நோக்கி நிற்கும் இடத்தில் இரண்டும் வேண்டும்.