பூத்தொட்டியும் கூட்டமும்

லிம்சா லொமின்சா ஒரு துறைமுக நகரம். வெள்ளைக் கல் கட்டடங்கள், நாலாபக்கமும் கடல், சதுக்கத்தின் நடுவே மெல்லச் சுழலும் நீலப் படிகம். ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ ஆன்லைன் கேமுக்குள் நுழைகிறவர்கள் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்து நிற்பது இந்தப் படிகத்தடியில்தான். ஓரமாக ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பேசாதவனை இங்கே யாரும் விசாரிப்பதில்லை. பாதிப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள்.

இடுப்புயரம்கூட இல்லாத லாலஃபெல் இனத்தாள் ஒருத்தி யாழ் மீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றி நான்கு பேர் ஆடுகிறார்கள். நால்வரும் ஒரே அடியை ஒரே நேரத்தில் எடுத்து வைக்கப் பார்க்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் அரைத் தாளம் பிந்துகிறது. அருகே மலை போன்ற ரோகடின் இனத்தவர் ஒருவர், இரும்புக் கவசத்துக்கு மேல் ரோஜா நிறச் சாயம் ஏற்றியிருக்கிறார். அந்தச் சாயத்துக்காக எத்தனை கவசங்களைப் போட்டுக் கழற்றியிருப்பாரோ. முயல் காதுகளோடு ஒரு பெண் வெறுமனே கடலைப் பார்த்து நிற்கிறாள்.

செட்டிங்ஸைத் திறக்கிறேன். திரையில் எத்தனை ஆட்களையும் பொருட்களையும் காட்டலாம் என்பதற்கு அதில் ஒரு வரி உண்டு. அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்துக்கு இறக்குகிறேன். கடலைப் பார்த்தவள் இல்லை. ரோஜா நிறக் கவசக்காரர் இல்லை. ஆடிய நால்வரில் இருவர் மட்டும் ஆடுகிறார்கள், யாழுக்காரி இருந்த இடத்தில் வெறும் கல்தரை. யாரும் எங்கும் போய்விடவில்லை. சர்வரில் அத்தனை பேரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். என் கம்ப்யூட்டர் மட்டும் அவர்களை வரைவதை விட்டுவிட்டது. பதிலுக்குப் படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, மடியை வறுத்துக்கொண்டிருந்த லேப்டாப்பின் ஃபேன் இரைச்சலும் அடங்குகிறது.

அதே பக்கத்தில் இன்னும் கீழே நிழல்களுக்கென்று ஒரு பகுதி. தன் நிழல், கூட ஆடும் அணியினரின் நிழல், மற்றவர்களின் நிழல், எதிரிகளின் நிழல் என்று நான்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம், அணைக்கலாம். பழைய லேப்டாப்காரர்கள் கடைசி இரண்டை முதலில் அணைக்கிறார்கள். அதற்கும் முடியாவிட்டால் கூட வருகிறவர்களின் நிழலும் போகிறது. ஊரே நிழலில்லாமல் நடமாட, தன் காலடியில் மட்டும் நிழல் விழும். அதையும் அணைத்துவிட்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. இந்தக் கூட்டத்துக்குள் இருப்பதற்காகத் தங்கள் பங்குக்கு அவர்கள் கொடுக்கிற விலை அது.

தனியாக ஆடும் கேமில் ஒரு தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதைச் செய்தவரே முடிவு செய்கிறார். கம்ப்யூட்டர் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் தெருவையே கட்டுவார். இங்கே லிம்சாவின் கல்லும் கடலும் அப்படிக் கணக்கிட்டுக் கட்டியவைதான். கூட்டத்தை யாரும் கட்டவில்லை. ஐந்து பேர் இருந்த சதுக்கத்தில் அடுத்த நிமிடமே நூறு பேர் இறங்கலாம், ஒவ்வொருவரும் வேறு உடை, வேறு சாயம், வேறு ஆயுதம், காலடியில் ஒரு குட்டி மிருகம் என்று. விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒரு ஃப்ரேமை வரைந்து முடிக்க 16.7 மில்லி விநாடிதான் இருக்கிறது. நூறு பேரின் இருப்பிடமும் அசைவும் உடையும் அதற்குள் அடங்கியாக வேண்டும். அடங்காவிட்டால் படம் தத்தும்.

இந்தக் கணக்கைப் புறக்கணித்ததற்கு இதே கேமின் முதல் பிறவி கொடுத்த விலை பெரிது. 2010 செப்டம்பரில் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு பார்க்க அவ்வளவு அழகு. ஓரத்தில் கிடக்கும் ஒரு பூத்தொட்டிக்கு, உருவத்தைக் கட்டும் சிறு பட்டைகளான பாலிகன் சுமார் 1,000, நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் ஷேடர் நிரல் 150 வரி. ஆட்டக்காரரின் கேரக்டருக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். பின்னாளில் பொறுப்பேற்ற நவோக்கி யோஷிடா 2014-இல் கேம் தயாரிப்பாளர்கள் கூடிய மாநாட்டில் இதை வெளிப்படையாகச் சொன்னார். தொட்டிக்கு அவ்வளவு கொடுத்ததால், திரையில் ஏககாலத்தில் காட்ட முடிந்தவர்கள் இருபது பேர்தான். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வாழ்வதற்கென்று செய்த உலகத்தில் இருபது பேர்! தொட்டியை வடித்த கலைஞர் தன் வேலையை நேர்த்தியாகச் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தொட்டிக்கு முன்னால் யார் வந்து நிற்பார்கள் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

குறை அது ஒன்றுதான் என்றில்லை, எப்படியோ அந்த உலகம் நிலைக்கவில்லை. 2012 நவம்பர் 11 அன்று சர்வர்களை மூடினார்கள். கதைப்படி வானத்திலிருந்து ஒரு செந்நிலா விழுந்து பேரழிவு நேர்ந்தது. புதிய எஞ்சினில் மறுபடி கட்டி 2013 ஆகஸ்டில் திறந்த உலகம்தான் இன்று நான் உட்கார்ந்திருக்கும் லிம்சா. இந்த முறை பிளேஸ்டேஷன் 3-க்கும் இடம் இருந்தது. முதன்மை நினைவகம் 256 எம்பி மட்டுமே உள்ள அந்தப் பெட்டிக்காக எத்தனையோ விஷயங்களைச் சுருக்கித்தான் செய்தார்கள். 2017 ஜூனில் அதற்கு விடைகொடுத்தபோது, அதில் ஆடியவர்கள் பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்குக் காசில்லாமல் மாறிக்கொள்ள வழியும் செய்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை வந்தது. 2021 டிசம்பரில் வந்த ‘எண்ட்வாக்கர்’ பாகத்தில் ஒரு பகுதியில் திராட்சைக் குலைகள் இருந்தன. உருண்டையாக இருக்க வேண்டிய பழங்கள் நாலைந்து பட்டையோடு, செதுக்கி முடிக்காத கல் மாதிரி தொங்கின. மக்கள் அந்தக் குலைகளின் மேல் அப்படியொரு பாசம் வைத்துவிட்டார்கள். கூட்டமாய்ப் போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சில வாரங்களிலேயே பேட்ச் போட்டுப் பழங்களை உருட்டிவிட்டார்கள், அதற்காக வருந்தியவர்களும் உண்டு.

2024 ஜூலையில் ‘டான்ட்ரெயில்’ பாகத்தோடு வந்த மாற்றம் அதைவிடப் பெரியது. தோல், கண், துணி, இலை, வெளிச்சம் எல்லாவற்றையும் மெருகேற்றினார்கள். முன்பு நாலு ஜிபி ராமில் ஓடியது, இனி குறைந்தது எட்டு வேண்டும் என்றானது. வெளியீட்டுக்கு முன்பே சோதித்துப் பார்க்க ஏப்ரலில் ஒரு மென்பொருள் கொடுத்தார்கள். அதில் தங்கள் முகத்தைப் பார்த்த பலர் துடித்துப்போனார்கள். பாலிகன் கூடியிருக்கிறது, தெளிவு கூடியிருக்கிறது, ஆனால் கண்ணில் வெளிச்சம் இல்லை, பல வருடம் பழகிய முகம் அந்நியமாகத் தெரிந்தது. மே மாதம் திருத்திய சோதனைப் பதிப்பு வந்தது. முகத்தை மாற்றிக்கொள்ளும் மருந்துப்புட்டி ஒன்றும் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தது. பாகம் வெளியான நாட்களில் இந்தச் சதுக்கத்தில் நின்று பார்த்தேன். வந்து இறங்கியதும் கேமராவைத் தங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றவர்கள்தான் அதிகம்.

கூட்டத்தை உள்ளபடி காட்ட முடியாத மெஷினின் வலியை இன்னோர் இடத்தில் உணர்ந்தேன். 2021 மே மாதம் ‘பெர்செர்க்’ மாங்காவின் படைப்பாளி கென்டாரோ மியூராவின் மரணச் செய்தி வந்தபோது, அந்தக் கதையின் நாயகனைப் போல ஆளுயர வாள் ஏந்தும் டார்க் நைட் வேடம் பூண்டு ஆட்டக்காரர்கள் உல்தா நகரத்து வீதியில் வரிசை கட்டி நின்றார்கள். வலுவான கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவருக்கு அது முறியாத வரிசை. எளிய லேப்டாப்பில் வரிசையில் இடைவெளிகள் விழுகின்றன. நடக்க நடக்க முன்னால் ஆட்கள் முளைக்கிறார்கள், கடந்து வந்தவர்கள் மறைகிறார்கள். முழு வரிசையை ஒரே பார்வையில் பார்க்க அந்த லேப்டாப்காரருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் வரிசையில் அவருக்கும் இடம் இருந்தது, அவரும் வாளோடு நின்றார்.

சண்டைக்களத்தில் கணக்கு வேறு. 24 பேர் ஒரே பூதத்தை மொய்க்கும்போது வெள்ளை மந்திரவாதி ‘ஹோலி’ மந்திரத்தைப் போட்டால் திரையே பளீரென்று வெளுத்துவிடும். காலடியில் ஆரஞ்சு வட்டம் விழுந்திருப்பது கண்ணுக்குத் தப்பினால் செத்தோம். அதனால் மற்றவர்களின் எஃபெக்ட்டை அணைத்துவிடுவதில், எவ்வளவு விலையுள்ள கார்டு வைத்திருப்பவரும் பழைய லேப்டாப்காரரோடு ஒன்றுசேர்ந்துவிடுகிறார். கண்ணுக்கும் ஒரு கொள்ளளவு இருக்கிறதல்லவா.

சதுக்கத்தில் ஓர் அறிவிப்பு ஓடுகிறது. வேட்டை ரயில் கிளம்பப்போகிறது. மண்டலம் மண்டலமாகப் போய், அங்கங்கே உலவும் பெரிய மிருகங்களை வரிசையாகக் கூட்டமாய் வீழ்த்துவதற்குப் பெயர் அது. முன்னால் போய் வரைபடத்தில் கொடி நடுகிறவர்தான் கண்டக்டர். நானும் பின்னாலேயே போகிறேன். 2014-இல் வேட்டை புதிதாக வந்த நாட்களில், கூட்டம் மொய்த்ததில் பலருக்கு மிருகமே திரையில் வராமல் போனது உண்டு. இப்போது அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மண்டலம் மாறும்போது லோடிங் திரை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விலகுவதில்லை. முதலில் வந்தவர்கள் மிருகத்தைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பொறுமையிழந்து வில்லை உயர்த்துகிறார், பக்கத்திலிருந்தவர் தலையை ஆட்டித் தடுக்கிறார். சாட்டில் ஒரு வரி வருகிறது.

“இன்னும் லோடு ஆகுதுங்க, மன்னிச்சுக்குங்க. பழைய மெஷின்.”

“அவசரம் இல்லை, வாங்க. இருக்கோம்.” கண்டக்டர்தான்.

குதிப்பவர்கள் குதித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் நாற்காலி போட்டு உட்காருகிறார். தொலைவில் மஞ்சள் பறவை மேல் ஒரு பூனைக்காதுப் பெண் தத்தித் தத்தி வருகிறாள், இறங்குகிறாள், கோலை எடுக்கிறாள். கண்டக்டர் ஐந்திலிருந்து கீழே எண்ணத் தொடங்குகிறார். பூஜ்ஜியம் வந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாய்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் மிருகம் சாய்கிறது. அடுத்த கொடி விழுந்துவிட்டது, பூனைக்காதுக்காரி இந்த முறை முதல் ஆளாகப் பறவையில் ஏறிக்கொள்கிறாள்.