பதனிடாத தோல்

காலை ஏழு மணிக்கு ஆம்பூரில் நின்று பார்த்தால், சாலை முழுக்க ஷூ கம்பெனி பஸ்கள்தான். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி போகிறார்கள் பெண்கள். எதிர்த்திசையில், பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பினார்கள் நாட்டுப்புறக் கலை படிக்கும் ஐந்து மாணவர்கள். இடுக்கிக்கொண்டு உட்கார எனக்கும் இடம் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குப் பறையாட்டம் ஒரு பாடம். கொண்டுவந்திருந்த பறையின் முகம் பிளாஸ்டிக். கிராமத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் காத்திருந்த பறைக் கலைஞரான பெரியவர் அதை வாங்கி விரலால் சுண்டினார்.

"இத்தக் காய்ச்ச நெருப்பே வேணாமே கண்ணு. அப்புறம் எங்களுக்கு இன்னா வேலை?"

வேலை என்று அவர் சொன்னது வாசலிலேயே காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்தும், பறைக்கு அங்கிருந்து தோல் எடுக்க முடியாது. பதனிட்ட தோல் வளையும், மடங்கும். செருப்புக்கு ஆகும், முழங்காது. பறைக்கு வேண்டியது பச்சைத் தோல். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரைக் கழிப்பது. அதன்பிறகு ஷாப்பில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டார்கள். இன்று பெரும்பாலும் குரோமிய உப்பு. இங்கே அப்படி எதுவும் சேர்வதில்லை. சுரண்டி எடுத்த தோலை, மூன்று துண்டு வேப்பமரம் இணைத்த வட்டச் சட்டத்தில் இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவிடுகிறார்கள். ஈரக்காற்றில் தொய்யும். வைக்கோல் தீயில் காட்டினால் மறுபடி விறைக்கும்.

பிறகு ஆட்டம். இடக்கையில் மெல்லிய, நீண்ட சிண்டுக்குச்சி. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. மாணவர்கள் அடவுகளை எண்ணிக்கொண்டே ஆடினார்கள். பெரியவர் எண்ணவில்லை. கால் மாறும் இடத்தைத் தோளை அசைத்துக் காட்டினார், அவ்வளவுதான். போனில் எடுத்த வீடியோவில் அந்தத் தோள் விழவே இல்லை. எல்லோரும் பாதத்தையே படம் பிடித்திருந்தார்கள்.

இந்தக் கலை கல்விக்கூடத்துக்குள் தானாக வந்துவிடவில்லை. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன், மேடையிலும் பாடியவர். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, ஆண்களின் கையிலிருந்த பறையைத் தலித் பெண்களின் தோளில் மாட்டியது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் தமிழ்நாட்டில் பறை கற்று, அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார்.

ஒரு மாணவி தயங்கிக் கேட்டாள்: "உங்க பசங்க அடிப்பாங்களா ஐயா?"

"ஒருத்தனும் அடிக்கமாட்டான்மா. ரெண்டு பேரும் ஷூ கம்பெனி."

அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சாவுக்கு அடித்தே ஆகவேண்டும் என்ற சாதிக் கட்டாயத்தை எதிர்த்து, பறையையே கீழே போட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. தந்தை கீழே போட்டதை மகள் கல்லூரி மேடையில் எடுத்து மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. இரண்டும் சுயமரியாதைதான். பறையாட்டத்துக்குச் ‘சமூக நடனம்’ என்று நோட்டில் தலைப்புப் போடுகிறவர்கள், எந்தச் சமூகம், யார் சொல்லி ஆடியது என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும்.

திரும்பும்போது பாலாற்றைக் கடந்தோம். தண்ணீர் இல்லை, மணல்தான். தோல் கழிவுநீர் இந்த ஆற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. மாசி மாத மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு வேலூரில் பக்தர்கள் பம்பை முழங்க ஆடிக்கொண்டு வந்து சேருவதும் இதே ஆற்றின் கரைக்குத்தான்.

அன்று நான்கு மணி நேரம் சொல்லிக்கொடுத்தவருக்கு மாணவர்கள் தங்களுக்குள் வசூலித்து ஒரு தொகை கொடுத்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கௌரவ விரிவுரையாளருக்குத் தரும் மணிக்கணக்குச் சம்பளத்தை இவரைப் போன்ற கலைஞர்களுக்கும் கொடுங்கள். தோல் கட்டுவதையும் பாடத்தில் சேருங்கள். வைகாசி முதல் தேதி மட்டும் வகுப்பு வைக்கவேண்டாம். அன்று குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பெரியவர் அங்கே இருப்பார்.