ஒரு டர்போ கான்டெசா விற்பனைக்கு

பழைய கான்டெசா எங்கே விற்பனைக்கு வந்தாலும் விளம்பரத்தில் ‘இந்தியாவின் மஸில் கார்’ என்று ஒரு வரி இருக்கும். படத்தில் வண்டி பெரும்பாலும் கறுப்பு, இல்லையென்றால் ரத்தச் சிவப்பு. பானட்டில் நீளவாக்கில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தால் விலையும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

அய்யம்பேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் என் தாய்மாமாவின் வண்டிக்கும் அப்படி ஒரு விளம்பரம் தயாரானது. எழுதியது துபாயில் இருக்கும் அவர் மகன். ‘விண்டேஜ் அமெரிக்கன் மஸில், டர்போ, ஒரே கை பராமரிப்பு’. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாட்ஸப்பில் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். “நீ இன்ஜினியருக்குப் படிச்சவன்தானே மாப்ள. இதுல எது எது நெசம்னு சொல்லு. பொய் சொல்லி விக்க வேணாம்.”

நான் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாஃப்ட்வேர். இருந்தாலும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன்.

விண்டேஜ் முதலிலேயே அடிபட்டுப் போனது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய வண்டிதான் விண்டேஜ். கான்டெசா சந்தைக்கு வந்ததே 1984-ல். நாட்டில் இருக்கும் எந்தக் கான்டெசாவும் 2034 வரை அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட முடியாது. மாமாவினுடையது 90களின் பின்பகுதி வண்டி. வெறும் பழசு. பழசு என்பதில் அரசாங்கத்துக்கும் சந்தேகமில்லை. 15 வருஷம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அதையும் மாமா கட்டியிருக்கிறார்.

அமெரிக்கன் என்பதற்கு வம்சம் பார்க்க வேண்டும். கான்டெசாவின் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர், 1972-ல் வந்த எஃப்.இ. மாடல். அங்கே அது நின்றுபோன பிறகு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதன் அச்சுகளை வாங்கி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் வைத்துத் தயாரித்தது. வாக்ஸால் 1925 முதல் 2017 வரை அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் சொத்தாக இருந்தது. பின்னாளில் கான்டெசாவுக்கு இன்ஜின் தந்த ஜப்பானின் இசுசுவிலும் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1971 முதல் 2006 வரை பங்கு இருந்தது. ஆக உடம்பு இங்கிலாந்து, இன்ஜின் ஜப்பான், இரண்டுக்கும் டெட்ராய்ட்டில் ஒரு பெரியப்பா. எங்கள் பக்கம் இந்த அளவு உறவுக்குக் கல்யாணத்தில் மொய் வைப்பார்கள். சொத்தில் பங்கு கேட்க முடியாது.

மஸில் என்பதுதான் சுத்தப் பொய். 1964-ல் பான்டியாக் கம்பெனி தன் நடுத்தர உடம்புக் கார் ஒன்றில் 6.4 லிட்டர் வி8 இன்ஜினைத் திணித்து ஜி.டி.ஓ. என்று விற்றது. அதிலிருந்துதான் அந்த வகை பிரபலமானது. சின்ன உடம்பு, பெரிய இன்ஜின், 325 குதிரைத் திறன். கான்டெசாவில் கணக்கு தலைகீழ். நாலரை மீட்டர் உடம்புக்குள் அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜினை வைத்தார்கள். டிரெய்லர் நிறைய நெல்லை ஏற்றி டிவிஎஸ் எக்ஸ்எல்லைப் பூட்டிய மாதிரி. பிறகு வந்த 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜின்கூட 90 குதிரைத் திறனைத் தொடவில்லை. தோற்றம் மட்டும் நிஜமாகவே அந்த ஜாதி. நீள மூக்கு, பின் சக்கரத்துக்கு மேல் இடுப்பு மாதிரி எழும்பும் கோடு, பின் சக்கர ஓட்டம். இந்த நாட்டில் வேறு எதையும் நாம் மஸில் கார் என்று கூப்பிட வாய்ப்பே கிடைக்கவில்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுவிலேயே இங்கே கார் பூட்டுவதை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே ஜி.டி.ஓ. ஓடிய காலத்தில் இங்கே அம்பாசடருக்கு வரிசையில் காத்திருந்தார்கள்.

மிச்சம் டர்போ. அது நெசம். மாமாவுடையது இரண்டு லிட்டர் இசுசு டீசலோடு டர்போ சேர்த்து வந்த, கொஞ்சமாகவே விற்ற மாடல். 2000-ல் திருச்சியில் செகண்ட் ஹேண்டில் வாங்கினார்.

இன்ஜின் வீணாகத் துப்பும் புகையைக் கொண்டு ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடியால் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. கூடுதல் காற்றில் கூடுதல் டீசல் எரியும். பெரிய இன்ஜின்களை மாசு விதிகளும் 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் ஒழித்த பிறகு அமெரிக்கர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1987-ன் ப்யூக் ஜி.என்.எக்ஸ். வெறும் 3.8 லிட்டர் வி6. டர்போவின் தயவில் கம்பெனி கணக்கிலேயே 276 குதிரைத் திறன். செய்ததே 547 வண்டி. உண்மையான ‘டர்போ மஸில்’ வேண்டும் என்பவர்கள் தேட வேண்டியது அதை. தஞ்சாவூரில் கிடைக்காது.

டர்போவுக்குப் புகை சேர நேரம் வேண்டும். மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் கழித்துத்தான் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போலிருக்கும். டெல்டாவின் ரோடுகள் வாய்க்காலோடு வளைந்து வளைந்து போகிறவை. அந்தக் ‘கொஞ்சம் கழித்து’ வருவதற்குள் ஒரு வளைவோ ஒரு மாடோ வந்துவிடும். திருச்சி ரோட்டில் வல்லம் மேடு ஏறும்போதுதான் வண்டி முழு மூச்சு விடும். மாமா அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

அத்தைக்கு இந்த வண்டியில் ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. எங்கே போய் இறங்கினாலும் மாமா உடனே இறங்க மாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடி இரண்டு நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். “ஊரு பாக்கட்டும்னு உக்காந்திருக்காரு. கல்யாண வீட்டு வாசல்ல நான் பட்டுப்புடவையோட வெயில்ல நிக்கணும்.” காரணம் வேறு. டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பல நூறு டிகிரி சூட்டில் அதைத் தாங்கிப் பிடிப்பது இன்ஜின் பம்ப் அனுப்பும் ஆயில். ஓடிவந்த சூட்டோடு இன்ஜினை நிறுத்தினால் ஆயிலும் நின்றுபோகும். தேங்கிய ஆயில் பேரிங்கில் கருகிப் படியும். ஒரு நாள் செய்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் செய்தால் டர்போ போய்விடும். திருச்சியில் விற்றவர் இதை ஒரே தடவைதான் சொன்னாராம்.

ஓல்ட்ஸ்மொபீல் 1962-ல் ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் கொண்டுவந்தது, இந்த வரிசையில் மூத்தது. இன்ஜின் தட்டாமல் இருக்க அதில் தனியாக ஒரு டாங்கில் மெத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்கள் பலர் ஊற்றவில்லை. பிறகு நிறைய வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டார்கள். உலகத்திலேயே பணக்கார நாட்டில் அந்த ஒரு டாங்கை நிரப்ப ஆளில்லை. மாமா 25 வருஷமாக இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு ராத்திரி மட்டும் உட்காரவில்லை. தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். அன்றும் இன்ஜினை அணைக்கவில்லை. ஓடவிட்டபடியே கதவைத் திறந்துபோட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

2012-லிருந்து எட்டு வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவை போனது, பம்புசெட் இருந்தவர்கள் மட்டும் ஏதோ செய்தார்கள். அப்போது விற்றிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். விற்கவில்லை. இப்போது தண்ணீர் இருக்கிறது, மாமாவுக்குக் கண் தெரியவில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் ராத்திரியில் எதிர் வண்டி லைட் கூசுகிறது.

முதலில் வந்தவர் கொச்சிக்காரர். இரண்டரை லட்சம் சொன்னார், பேரமே இல்லை. கூரையை வெட்டி, முன்பக்கத்தை மஸ்டாங் மாதிரி மாற்றி, வேறு இன்ஜின் வைக்கப் போவதாகப் படம் காட்டினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு இதற்கெல்லாம் ஒத்துவராது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது என்றேன். சிரித்தார். வல்லம் வரை ஓட்டிவிட்டு வந்தார். நன்றாக மிதித்திருக்கிறார், பானட் மேல் காற்று நெளிந்தது. வாசலில் பிரேக் போட்டு, அதே வேகத்தில் சாவியைத் திருகி அணைத்தார். மாமா அவருக்கு மோர் கொடுத்து, “யோசிச்சு சொல்றேங்க” என்று அனுப்பிவைத்தார்.

“மாமா, ரெண்டரை லட்சம்.”

“தெரியுது மாப்ள.”

போன மாசம் வந்த பையன் ஆத்தூர்க்காரன். தை மாசம் சம்பா அறுவடைக்கு எங்கள் பக்கம் பெல்ட் வண்டி ஓட்ட வருகிறவன். அந்த அறுவடை மெஷின்கள் பலவற்றில் இருப்பதும் டர்போ டீசல்தான். மஸில் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. ஆயில் எப்போது மாற்றியது, அம்பாசடர் டீசலின் சாமான்கள் இதற்குச் சேருமா என்று கேட்டான். அம்பாசடரின் இசுசு டீசலும் இதுவும் ஒரே குடும்பம், நிறைய சேரும். ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து வாசலில் நிறுத்தினான். இறங்கவில்லை. ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு இன்ஜினைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அத்தை திண்ணையிலிருந்து, “இவனுமா?” என்றார்.

அவனால் ஒன்றரைக்கு மேல் முடியாது. அதிலும் பாதி இப்போது, மீதி தை அறுவடை முடிந்ததும். அத்தைக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கொச்சிக்காரரின் நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார். துபாயிலிருந்து மகன் தினமும் கேட்கிறான். ஆர்.சி. புத்தகம் இன்னும் மாமாவின் பீரோவில்தான் இருக்கிறது.